சாது சுந்தர் சிங் கண்ட காட்சி: ஓர் அளவை நோக்கு

கிறிஸ்தவ சமயத்தைப் பற்றி ஒரு சமணன் எழுதலாமா என்று மலர்க் குழுவில் ஒரு நண்பர் தயங்கினார். எழுதலாம் என்பதற்கு நம் தமிழிலேயே வழி இருக்கிறது. மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய், உம் சமயம் என்ன, அதற்கு அளவை என்ன என்று கேட்டாள். குண்டலகேசிக்கு மறுமொழியாக எழுந்த எங்கள் நீலகேசியோ பௌத்தர் தொடங்கி பூதவாதி வரை ஒருவரையும் விடவில்லை. அந்த அளவுக்கு வாதம் செய்ய எனக்குத் தெம்பும் இல்லை, படிப்பும் இல்லை. நான் சதர் பஜாரில் கம்பளித் துணி விற்கிறவன். பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி என் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விட்டுவிட முடியவில்லை.

எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை நெல்லைச் சீமைக்காரர், கிறிஸ்தவர், இருபது வருஷமாக என்னோடு இருப்பவர். அவர் மனைவிக்கு வலிப்பு நோய் உண்டு. தினமும் மாத்திரை சாப்பிட்டு ஏழெட்டு வருஷம் தொந்தரவில்லாமல் இருந்தார். ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் ஒரு போதகர், இந்த அம்மாளுக்குப் பூரண சுகம் கொடுத்துவிட்டதாகக் கர்த்தர் தனக்கு வெளிப்படுத்தினார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இனி மாத்திரை தின்றால் அது அவிசுவாசம் என்றும் சொன்னாராம். அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் அடுப்படியில் வலிப்பு வந்து, வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை, கடை சாத்தும் நேரத்தில், கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, அவரு கர்த்தர் சொன்னாருன்னுதான சொன்னாரு. அப்ப அவரு பொய் சொன்னாரா? இல்ல கர்த்தர் சொன்னது பொய்யா? எங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லுதாவ. நீங்க நாலு புத்தகம் படிச்சவுக, சொல்லுங்க.”

“முதல்ல டாக்டரைக் கேட்டு மாத்திரையை ஆரம்பிங்க தம்பி” என்றேன். வேறு பதில் அன்று என்னிடம் இல்லை. ‘அவர் பொய்யர்’ என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம்? அந்த மனுஷர் தான் கேட்டதாக உண்மையிலேயே நம்பியிருக்கலாம். கடவுள் என்னோடு பேசினார் என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதா, எந்த அளவுக்கு நம்புவது? இந்தக் கேள்வியோடு பழைய புத்தகம் ஒன்றை மறுபடி எடுத்தேன். தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகக் கடைகள் இருந்த காலத்தில் வாங்கியது. ஸ்ட்ரீட்டர், அப்பாசாமி இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய ‘தி சாது’ என்ற நூல், 1921-ல் வெளிவந்தது. ஸ்ட்ரீட்டர் ஆக்ஸ்போர்டில் இருந்த பெரிய பைபிள் அறிஞர். அப்பாசாமி நம்மவர், பாளையங்கோட்டைக்காரர். அப்போது ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவர், பிற்காலத்தில் கோயம்புத்தூர் பேராயர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்க்கலாம் என்று எழுதியவரும் இவரே. இந்த நூலைப் பற்றியும், இதில் பேசப்படும் மனிதரைப் பற்றியும், அவரைச் சுற்றி நடந்த சண்டையைப் பற்றியும்தான் இக்கட்டுரை.

சுந்தர் சிங் 1889-ல் பழைய பாட்டியாலா சமஸ்தானத்து ராம்பூரில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் லூதியானா மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்வெட்டர் கொள்முதலுக்கு நான் வருஷந்தோறும் போகும் பக்கம். தாயார் மிகுந்த பக்திமான், மகனைச் சாதுவாகப் பார்க்க ஆசைப்பட்டவர். சுந்தருக்குப் பதினான்கு வயதில் அவர் காலமானார். பையன் உள்ளூர் அமெரிக்க பிரஸ்பிடேரியன் மிஷன் பள்ளியில் படித்தான். பைபிள் மேல் ஆத்திரம். 1904 டிசம்பரில் சுவிசேஷப் புத்தகத்தை எல்லோரும் பார்க்க நெருப்பில் போட்டான். மூன்று நாள் கழித்து விடியுமுன் எழுந்து குளித்து, கடவுள் ஒருவர் இருந்தால் எனக்கு வழி காட்டட்டும், இல்லாவிட்டால் காலை 5 மணி ரயிலுக்கு முன் தலையைக் கொடுக்கிறேன் என்று வேண்டினான். அறையில் ஒளி தோன்றியது. அதில் கிறிஸ்து தோன்றி, ஏன் என்னைத் துன்பப்படுத்துகிறாய் என்ற கருத்தில் இந்துஸ்தானியில் பேசினார். இதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சாட்சி. 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடுத்தி, வெறுங்காலோடு இமயமலைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். 1918-ல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-ல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. 1922-ல் ஐரோப்பா. 1929 ஏப்ரலில் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை.

(ஒரு சின்னத் தகவல். ஆரம்ப நாளில் சாதுவோடு சேர்ந்து ஊழியம் செய்த அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ்தான் கோட்கட்டில் அமெரிக்க ஆப்பிள் ரகங்களை நட்டு வளர்த்தவர். அவர் பின்னால் இந்துவாகி சத்தியானந்தர் ஆனார். நம் வீட்டுப் பிள்ளைகள் கடிக்கிற சிம்லா ஆப்பிளுக்குப் பின்னால் இவ்வளவு கதை.)

நூலின் பெரும்பலம், ஆசிரியர்கள் சாதுவை நேரில் உட்காரவைத்துக் கேட்டு எழுதினார்கள் என்பது. ஊரார் சொன்னதைத் தொகுக்கவில்லை. அவர் தம் மதமாற்ற நாளில் கண்டதையும், பின்னாளில் தியானத்தில் தன்னை மறந்த நிலையில் கண்டவற்றையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை என்பதை இந்நூல் வழியாகத்தான் நாம் அறிகிறோம். முதலாவதைக் கண்ணால் கண்டதாகவும், மற்றதை ஆவியின் கண்ணால் கண்டதாகவும் பிரித்தே பேசியிருக்கிறார். தன்னை மறந்த நிலை தானாக வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், தேடிப் போகக்கூடாது என்பதும் அவர் கருத்து. காட்சி காண்கிறவர்களில் இவ்வளவு நிதானம் அபூர்வம்.

நூலின் குறையும் அதிலேயே இருக்கிறது. அவர் சொன்னதை எல்லாம் நிதானமாகக் கேட்டவர்கள், அவர் சொன்ன வெளிச் சம்பவங்களை அதே நிதானத்தோடு தேடிப் பார்க்கவில்லை. சாது சொன்ன திபெத்துக் கதைகள் உள்ளக் காட்சிகள் அல்ல, உலக நடப்புகள். ராசர் என்ற இடத்தில் சுவிசேஷம் சொன்னதற்காகத் தன்னைப் பிணங்கள் கிடந்த வறண்ட கிணற்றில் தள்ளி மூடியைப் பூட்டினார்கள், மூன்றாம் இரவு யாரோ திறந்து கயிறு விட்டுத் தூக்கிவிட்டு மறைந்தார், சாவியோ தலைமை லாமாவின் இடுப்பிலேயே இருந்தது என்று சொன்னார். கைலாசத்தில் முந்நூறு வயதைக் கடந்த கிறிஸ்தவ மகரிஷி ஒருவரைக் கண்டேன் என்றார். இந்தியா முழுக்க சந்நியாசி வேடத்தில் ஆயிரக்கணக்கான ரகசியக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். கிணறு இருந்தால் இன்னொருவர் பார்க்கலாம். மகரிஷி இருந்தால் இன்னொருவர் போய்க் கும்பிடலாம். சுதந்திரமாக வந்து சொன்ன இரண்டாவது சாட்சி ஒருவரும் கிடைக்கவில்லை.

சண்டை இங்கேதான் பிடித்தது. டார்ஜிலிங்கில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் ஹோஸ்டன் 1923 முதல் தேதி தேதியாக எடுத்து வைத்து, இது பொருந்தவில்லை, அது பொருந்தவில்லை என்று எழுதினார். 1913-ல் சாது காட்டில் நாற்பது நாள் உபவாசம் இருக்கப் போனார். நாளை எண்ண நாற்பது கற்களை வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக எடுத்துப் போட்டார், நடுவில் அதற்கும் தெம்பில்லாமல் போயிற்று என்று அவரே சொல்கிறார். அந்தச் சமயத்தில் அவர் இறந்துவிட்டதாக நண்பர்களுக்குத் தந்தி போயிற்று. அனுப்பியது யார் என்பதும் வழக்காயிற்று. ஜெர்மனியில் பேராசிரியர் ஹைலர் சாதுவுக்காக வாதாடினார். அவர் நூல் 1924-ல் வந்தது. சூரிச்சில் பிராய்டின் நண்பரும் பாதிரியாருமான பிஸ்டர், 1926-ல் சுந்தர் சிங் கதையே ஒரு கட்டுக்கதை என்று புத்தகம் போட்டு மனநோய் ஆராய்ச்சி செய்தார். அப்பாசாமி விடாமல் ஆராய்ந்து, 1958-ல் ஒரு முழு வரலாறே எழுதினார்.

இரண்டு தரப்பையும் படித்தபோது எனக்கு ஒரு சலிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே தராசைத்தான் வைத்திருக்கிறார்கள். சாது மகான் என்றால் சாவிக் கதையும் உண்மை. சாவிக் கதை பொய் என்றால் ராம்பூர் ஒளியும் பொய். ஒருவர் பேரேட்டில் ஒரு பக்கம் தப்பாக இருந்தால் பேரேடு முழுக்க எரித்துவிடுகிறோமா? அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, மற்ற பக்கங்களைக் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதையோடு பார்க்கிறோம். அவ்வளவுதான்.

பிஸ்டரின் வாதத்தில் இன்னொரு ஓட்டை. தாய் இறந்த துக்கம், புத்தகத்தை எரித்த குற்ற உணர்ச்சி, தற்கொலை எண்ணம், இவற்றால் அந்தக் காட்சி வந்தது என்கிறார். இருக்கலாம். மிஷன் பள்ளிப் பிள்ளைக்கு, பவுல் தமஸ்கு வழியில் ஒளி கண்ட கதை தெரியாமல் இருந்திருக்காது, இவர் கேட்ட குரலும் அந்தக் குரலைப் போலவே இருக்கிறது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஆனால் காட்சி எப்படி வந்தது என்று காட்டிவிட்டால் அது பொய் என்று காட்டியதாகாது. ஜுரத்தில் கிடப்பவன் இல்லாத பாம்பைப் பார்ப்பான். ஜுரத்தில் கிடப்பவன் அறைக்குள் மெய்யான பாம்பும் வரலாம்.

இப்போது எங்கள் அளவைக்கு வருகிறேன். மணிமேகலையில் பத்து அளவைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை ஏற்பது அதற்கு எடுத்துக்காட்டு! சாத்தனாருக்கு நகைச்சுவை இல்லை என்று யார் சொன்னது? சமணர் ஆகமத்தை அளவையாக ஏற்கிறோம், ஆனால் அது யார் வாய்ச் சொல் என்பதில் கறாராக இருக்கிறோம். சொன்னவன் ஆப்தனாக இருக்கவேண்டும், அதாவது நம்பத்தகுந்தவன். காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் சமந்தபத்திரர் ஆப்த மீமாம்சை என்று ஒரு நூலே செய்தார். அதன் தொடக்கமே ஒரு துணிச்சல். தேவர் வந்து பணிவதும் வானத்தில் செல்வதும் மாயவித்தைக்காரரிடமும் காணப்படுகின்றன, அதனால் அவற்றுக்காக உம்மைப் பெரியவர் என்று ஏற்கமாட்டேன் என்ற கருத்தில் தம் கடவுளையே பார்த்துச் சொல்கிறார். அவருடைய சிராவகாசார நூலிலோ, ஆப்தன் வாக்கு என்பது காட்சிக்கும் அனுமானத்துக்கும் முரண்படாமல் இருக்கவேண்டும் என்பது இலக்கணம்.

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது தத்துவார்த்த சூத்திரம் சொல்லும் ஒரு செய்தி. புலன்களின் உதவியின்றி ஆன்மா நேராகக் காணும் அறிவு உண்டு என்று நாங்கள் நம்புகிறோம். அதில் முதற்படி அவதி ஞானம். தூரத்தில் உள்ளதையும் மறைந்துள்ளதையும் காண்பது. ஆனால் அந்த அவதி ஞானமே கூடப் பிழைபடலாம் என்று சூத்திரகாரர் உமாசுவாமி சொல்லிவிட்டார். அதற்கு விபங்க ஞானம் என்று பெயர். அதாவது, ஒருவர் காண்பது மெய்யாகவே புலன் கடந்த காட்சி என்று ஒப்புக்கொண்டாலும், அதன் பொருளை அவர் சரியாக அறிந்தார் என்று ஆகாது.

இதற்கு சுவேதாம்பரர் ஆகமமான பகவதி சூத்திரத்தில் ஒரு கதை இருக்கிறது. நாங்கள் திகம்பரர், ஆனாலும் நல்ல கதையை விடுவதில்லை. அஸ்தினாபுரத்து அரசர் சிவன் துறவியானார். தவத்தால் அவருக்குக் காட்சி கிட்டியது. ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் கண்டார். உலகம் ஏழு தீவு, ஏழு கடல், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஊரெங்கும் அறிவித்தார். மகாவீரர், எண்ணிலடங்காத தீவுகளும் கடல்களும் உண்டு என்றார். சிவ முனிவர் கண்டது பொய்யல்ல. ஏழு கடலும் இருந்தன. ‘அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டினாரே, அந்த இடத்தில் வழுக்கினார். மீரட் பக்கம் அஸ்தினாபுரத்துக்கு யாத்திரை போகும் டில்லித் தமிழர்கள் சிலரிடம் இக்கதையைச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேள்விப்பட்டதாகச் சொன்னதில்லை.

கிறிஸ்தவர்களும் இந்த விஷயத்தில் சும்மா இருந்தவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நம்மில் பலர், அவர்கள் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள் என்று எண்ணுகிறோம். அது தவறு. ஆதிச் சபையின் கையேடு ஒன்று உண்டு, திதாக்கே என்று பெயர். பன்னிரண்டு அப்போஸ்தலர் போதனை என்பர். காணாமல் போயிருந்த அதன் கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்து, 1883-ல் அச்சாயிற்று. அதில் ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசிகளை எப்படி எடைபோடுவது என்று இருக்கிறது. ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் பொய்த் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த ஊர் வரைக்கும் ரொட்டி கொடுக்கலாம். காசு கேட்டால் பொய்யன். ஆவியில் வந்து ‘சாப்பாடு போடுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவனும் பொய்யன். ஏழைக்காகக் கேட்டால் மட்டும் குற்றம் சொல்லாதே. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. கடன் கொடுத்து ஏமாந்த வியாபாரிகள் யாரோ உட்கார்ந்து எழுதினாற்போல் இருக்கிறது. அதே நூல், அவன் ஆவியில் பேசும்போது குறுக்கே சோதிக்காதே, நடத்தையைப் பார் என்றும் சொல்கிறது.

பவுலே கூட, மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவனைப் பற்றி, அதாவது தம்மைப் பற்றி, பதினான்கு வருஷம் கழித்துத்தான் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அங்கே கேட்டதை வெளியே சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொள்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை இன்னும் தெளிவு. வேதத்தோடு பொது வெளிப்பாடு முடிந்தது, பின்னால் ஒருவர் காண்பது தனி வெளிப்பாடு, அதைச் சபை அங்கீகரித்தாலும் நம்பியே தீரவேண்டும் என்ற கடமை விசுவாசிக்கு இல்லை. 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறையில் ஆறு விதமான முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் மிக உயர்ந்ததே ‘தடை ஏதும் இல்லை’ என்பதுதான். இது கடவுள் செயல் என்று முத்திரை குத்துவதைப் பொதுவாக அவர்களே தவிர்த்துவிட்டார்கள். பணம், அதிகாரம், புகழ் தேடுவது தெரிந்தால் அது பாதகமான அடையாளம் என்றும் அதில் இருக்கிறது. திதாக்கே சொன்னதுதான், ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் கழித்து. இப்படி நிதானம் வருவதற்குள் சபைக்கு ஆன செலவும் கொஞ்சமல்ல. ஒரே பெண் கேட்ட ஒரே குரல்களுக்காக ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-ல் எரித்தார்கள், 1456-ல் தீர்ப்பு செல்லாது என்றார்கள், 1920-ல் புனிதர் ஆக்கினார்கள்.

தாமஸ் பெய்ன் என்ற ஆங்கிலேயர் 1794-ல் ஒரு வாதம் வைத்தார். இன்றுவரை பகுத்தறிவாளர் எல்லாம் எடுத்தாள்வது. கடவுள் ஒருவனிடம் பேசினால் அது அவனுக்கு மட்டுமே வெளிப்பாடு, அவன் வாயால் கேட்கும் எனக்கு வெறும் கேள்விச் செய்தி, அதை நான் நம்பக் கடமைப்படவில்லை என்பது அதன் சாரம். கூர்மையான வாதம். ஆனால் வியாபாரியாகிய எனக்குப் பாதிதான் ஒப்பும். கேள்விச் செய்தியைத் தள்ளினால் கடையைத் திறக்க முடியாது. லூதியானாவில் இருப்பவர் போனில் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் பணம் அனுப்புகிறேன். கேள்விச் செய்தியா என்பதல்ல, யார் சொன்னது, சொன்னதில் அவருக்கு என்ன ஆதாயம், இதற்கு முன் அவர் சொன்னது எப்படி முடிந்தது என்பதல்லவா கேள்வி?

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். பெய்ன் கவனிக்காமல் விட்டதாக நினைக்கிறேன். கடவுள் எனக்கு ஒளி காட்டினார், நான் மாறினேன் என்று ஒருவர் சொல்கிறார். அது அவர் பேரேட்டில் அவர் எழுதிக்கொள்ளும் வரவு. நான் சண்டைக்குப் போகவேண்டியதில்லை, கையெழுத்துப் போடவேண்டியதும் இல்லை. இன்னொருவர், உன்னைப் பற்றிக் கடவுள் எனக்குச் சொன்னார், அதனால் நீ இன்னது செய் என்கிறார். அவர் என் பேரில் உண்டியல் எழுதுகிறார். பணம் கட்டப்போவது நான். அப்படியானால் கையெழுத்தைப் பார்ப்பேன், சரக்கைப் பார்ப்பேன், முன் கணக்கைப் பார்ப்பேன். பார்க்காதே, பார்ப்பது அவிசுவாசம் என்று அவர் சொன்னால், அந்த வார்த்தைக்காகவே உண்டியலைத் திருப்பிவிடுவேன்.

இந்த வேற்றுமையோடு சுந்தர் சிங்கைப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது இது. ராம்பூரில் பதினைந்து வயதுப் பையன் ஏதோ கண்டான், அதை மெய்யென்று உளமார நம்பினான் என்பதை நான் ஏற்கிறேன். வீடு, சொத்து, இனம் எல்லாம் போயும் மாற்றிச் சொல்லவில்லை. கையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடந்தார். எதிர்த்த தகப்பனாரே பின்னால் கிறிஸ்தவராகி, மகனின் மேல்நாட்டுப் பயணத்துக்குப் பணம் கொடுத்தார். திதாக்கேயின் சோதனையில் இவர் தேறிவிடுகிறார். ஆனால் வந்தது கிறிஸ்துதான் என்பதற்கு என் வரைக்கும் வந்து சேரும் ஆதாரம் எதுவும் இல்லை. அவர் உறுதி அவருக்கு. திபெத்துக் கதைகளை நான் ஏற்கவில்லை. காட்சிக்கு எட்டும் விஷயத்தில் காட்சியின் துணை இல்லை. பொய் சொன்னாரா என்றால், தனியே மலையில் பட்டினியோடு நடப்பவருக்குக் கண்டது எது, கனவு எது என்ற வேலி தளர்ந்திருக்கலாம் என்றுதான் சொல்வேன். 1926-ல் அவர் ஆவியுலகக் காட்சிகளை நூலாகவே போட்டார். அங்கே, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவர் சிவ முனிவரின் ஏழாம் கடலில் நிற்கிறார்.

இவ்வளவும் அடுத்தவர் வீட்டுக் கணக்கு. நம் வீட்டுக் கணக்கையும் எடுக்கவேண்டாமா? நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் என் தாயார் பொன்னூர் மலைக்கு அழைத்துப்போய், ஏலாசாரியர் என்கிற குந்தகுந்தரின் பாதத்தைத் தொட்டுக் கும்பிடச் சொல்வார். இங்கேயிருந்துதான் அவர் விதேக நாட்டுக்குப் போய் சீமந்தர தீர்த்தங்கரரை நேரில் கண்டு உபதேசம் கேட்டு வந்தார் என்பார். நான் அதை நம்பித்தான் வளர்ந்தேன். கிணற்றுச் சாவிக் கதையைத் தள்ளுகிறவன் இதை என்ன செய்வது? நேர்மையாகப் பார்த்தால், இந்தச் செய்தி பத்தாம் நூற்றாண்டு தேவசேனரின் தரிசனசாரத்தில் காணப்படுகிறது. குந்தகுந்தருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட நூல். குந்தகுந்தரோ தம் சமயசாரத்தின் தொடக்கத்தில், சுருதகேவலிகள் சொன்னதைச் சொல்கிறேன் என்றுதான் முன்வைக்கிறார். நான் போய்ப் பார்த்தேன், அதனால் நம்பு என்று சொல்லவில்லை. ஆகவே அம்மா சொன்ன கதையை நான் ஐதிகம் என்ற பெட்டியில் வைக்கவேண்டியதாயிற்று, மரத்துப் பேய்க்குப் பக்கத்தில். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் இந்த மலரைப் பார்த்தால் கோபிப்பார்கள். மலைக்குப் போனால் இப்போதும் பாதத்தைத் தொட்டுத்தான் கும்பிடுகிறேன்.

இனி கணக்குப்பிள்ளை விஷயம். அப்பாசாமியின் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. இலங்கையில், பிழைக்கமாட்டான் என்று கைவிடப்பட்ட ஒரு சிறுவனுக்காக ஜெபிக்கும்படி தாய் கேட்டாள். சாது ஜெபித்தார். பையன் எழுந்துவிட்டான். கூட்டம் தன்னை அற்புதம் செய்கிறவனாகப் பார்க்கத் தொடங்கியதைக் கண்ட சாது, சக்தி தன்னுடையதல்ல என்று எவ்வளவு சொல்லியும் அவர்கள் கேட்காததால், இனி இப்படிச் செய்வதில்லை என்று முடிவு செய்தார். ஜனங்களின் கவனம் கடவுளிடமிருந்து தன்மேல் திரும்பிவிடும், மூடநம்பிக்கை வளரும் என்பது அவர் காரணம். ஒளியைக் கண்டதாகச் சொன்னவர், சிறுவன் பிழைத்ததைக் கண்ணாரப் பார்த்தவர், அதற்குப் பிறகும் கையை இழுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை நான் கணக்குப்பிள்ளைக்குத் தமிழில் சொன்னேன். என் சமணப் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. அவர் வீட்டு நியாயத்தையே அவருக்குச் சொன்னால் போதும் என்று தோன்றியது. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். “எங்க அப்பாகூட சாதுவைப் பத்திப் பாட்டெல்லாம் பாடுவாவ அண்ணாச்சி. இதைச் சொன்னதில்ல” என்றார். புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், இங்கிலீஷ் படிக்கிற மகளிடம் காட்ட.

அந்த அம்மாள் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கையில் தழும்பு இருக்கிறது. ஜெபக்கூட்டத்துக்கும் போய்வருகிறார், அதே போதகரிடம்தான். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. புத்தகம் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இலங்கைச் சம்பவம் வரும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. சாவிக் கதை வரும் பக்கத்திலும் இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. போட்டது தகப்பனா மகளா என்று நான் கேட்கவில்லை.